சார்த்தரைப் படித்துவிட்டு அடுத்தவர் மண்டையில் போடாதீர்கள்

சேலத்தில் நாங்கள் சிலர் அவ்வப்போது கூடி இருத்தலியல் படிக்கிறோம். மனிதன் தன் தேர்வுகளால்தான் தன்னை உருவாக்கிக்கொள்கிறான் என்று சொல்லும் தத்துவம் அது, பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் அதில் முக்கியமான ஆள். புதிதாக வருபவர்கள் நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். பெயரைத் தப்பாக உச்சரிப்பது, சோகமாகத் திரிவது இதெல்லாம் தானாகச் சரியாகிவிடும், விடுங்கள். தானாகச் சரியாகாத தப்புகளைத்தான் கீழே ஒவ்வொரு தலைப்பாகப் போட்டிருக்கிறேன்.

"உன் தேர்வு, உன் பொறுப்பு" என்று அடுத்தவரிடம் சொல்வது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. போன வருஷம் ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். அப்பாவுக்குச் சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை. கடன் ஏறி, அவருக்கு உடம்பும் முடியாமல் போக, இவன் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுப் பட்டறையில் உட்கார்ந்தான். பற்றவைத்துப் பற்றவைத்து விரல் நுனியெல்லாம் பொசுங்கியிருக்கும், அந்தக் கையோடுதான் பக்கம் புரட்டுவான். ஒருநாள் "எனக்கு வேற வழி இல்லண்ணா" என்றான். உடனே ஒருவர், சார்த்தரைப் புதிதாகப் படித்த சூட்டில், "வழி இல்லைங்கிறதே உன்னை நீயே ஏமாத்திக்கிறதுதான், நீதானே தேர்ந்தெடுத்தே" என்று ஒரே போடாகப் போட்டார். அதற்கப்புறம் பையன் வரவே இல்லை.

1945-இல் பாரிஸில் பேசிய உரையில் சார்த்தர் ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறார். அண்ணன் 1940 ஜெர்மன் தாக்குதலில் இறந்துவிட்டான், அம்மாவுக்கு இவனை விட்டால் ஆள் இல்லை. இங்கிலாந்து போய், ஜெர்மனியை எதிர்த்துப் போராடிய சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா, அம்மாவோடு இருப்பதா? நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்தெடு என்றார் சார்த்தர். கல்நெஞ்சம் மாதிரித் தெரியும். ஆனால் எந்த வேதமும் எந்தத் தத்துவமும் உனக்காக முடிவெடுக்காது என்று யோசனை கேட்டு வந்தவனிடம் சொன்ன பேச்சு அது, முடிவெடுத்துவிட்டு விரல் பொசுங்க உட்கார்ந்திருப்பவனை மடக்குவதற்குச் சொன்னதில்லை.

1943-இல் வந்த சார்த்தரின் பெரிய நூலில் ஒரு பாறை வரும். நகர்த்தப் பார்த்தால் தடை, மேலே ஏறி ஊரைப் பார்க்க நினைத்தால் அதே பாறை உதவி. சேர்வராயன் மலைக்கும் இது பொருந்தும். பாறை இருக்கிறது என்பதை அவர் மறுக்கவே இல்லை, கவனியுங்கள். பையனின் கடன் அவன் தேர்ந்தெடுத்ததில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்பதுதான் அவன் கையில். 1969-இல் ஒரு பேட்டியில் சார்த்தரே, எந்தச் சூழ்நிலையிலும் மனிதனுக்குத் தேர்வு உண்டு என்று தான் முன்பு எழுதியதைத் திரும்பப் படித்து, இதையா நம்பினேன் என்று அதிர்ந்துபோனதாகச் சொல்கிறார். எழுதியவரே இறங்கி வந்துவிட்டார், நம்ம ஆள் மட்டும் 1943-இலேயே நிற்கிறார். சார்த்தரின் தோழியும் தத்துவவாதியுமான சிமோன் தி போவ்வார் 1947-இலேயே, என் சுதந்திரம் வேண்டுமென்றால் அடுத்தவர் சுதந்திரத்தையும் நான் விரும்பியாக வேண்டும் என்று எழுதியாயிற்று. அப்படியானால் நண்பர் கேட்டிருக்க வேண்டியது, வட்டி எவ்வளவுப்பா, தொலைநிலைக் கல்வியிலாவது சேர முடியுமா என்றுதான்.

சுதந்திரம் என்றால் இஷ்டப்படி இருப்பது

நினைத்த நேரத்துக்கு எழுந்திருக்க சார்த்தர் எதற்கு?

கடவுள் நம்பிக்கை இருந்தால் இது ஆகாது

இருத்தலியலுக்கு முன்னோடி என்று சொல்லப்படும், 1855-இல் இறந்த கீர்க்கேகார்ட் அழுத்தமான கிறிஸ்தவர். கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டே வாருங்கள்.

அர்த்தத்தைத் தேடி ஏற்காடு போவது

20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனாலும், வாழ்க்கையின் அர்த்தத்தை யாரும் அங்கே வைத்துவிட்டுப் போகவில்லை. எடுத்துக்கொண்ட காரியத்தில்தான் அது உண்டாகிறது என்பது இருத்தலியல்காரர்கள் கட்சி. காபி குடிக்கப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

காம்யுவையும் இவர்களோடு ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவது

பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு, தான் இருத்தலியல்வாதி இல்லை என்று 1945-இலேயே சொல்லிவிட்டார். 1952-இல் சார்த்தரோடு உறவே முறிந்துபோனது.