ஆட்டைத் திவசம் கழிந்து வரும் முதல் பொங்கல்

வீட்டில் ஒரு உயிர் போனால் அந்த ஆண்டு முழுக்க நல்லநாள் பெருநாள் இல்லை. கோலம் போடுவதில்லை, பானை வைப்பதில்லை, பொங்கலும் பலகாரமும் அயல்வீட்டிலிருந்துதான் வரும். இலங்கையின் வடக்கே வன்னியில் சைவக் குடும்பங்கள் பலவும் இன்றும் இந்த வழக்கத்தை விடவில்லை. எட்டாம் நாள் எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, மாதாமாதம் மாசியம், ஆண்டு முடிய ஆட்டைத் திவசம் என்று செய்யவேண்டியதை வழக்கமே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவதால் அந்த ஆண்டை எப்படியோ கடந்துவிடுகிறோம். சிக்கல் அதற்குப் பிறகு வரும் முதல் தையில்தான். இனிக் கொண்டாடலாம் என்று வழக்கம் விட்டுவிடுகிறது. எப்படிக் கொண்டாடுவது என்று சொல்ல யாரும் இல்லை.

பொங்கல் காலையில் வீடு உடைந்துபோகும் தருணம் எது என்று கவனித்தால் ஒன்று தெரியும். பானை பொங்கும், அரிசி போடவேண்டும், எப்போதும் போட்டவர் இல்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு முன்கூட்டியே ஆள் குறித்துவிட்டால், மீதி நாளில் சந்தோசம் வருவதற்கு இடம் கிடைக்கும். கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

நாளும் ஆளும்

ஆட்டைத் திவசம் திதிப்படி வருவது. ஆங்கிலத் திகதியை வைத்துக் கணக்குப் போட்டால் பல நாள் முன்பின்னாகிவிடும். திவசம் பொங்கலை ஒட்டி வருகிறதென்றால் மார்கழி பிறந்தவுடனேயே ஐயரிடமோ சைவக்குருக்களிடமோ கேட்டு முடிவெடுங்கள். பொங்கலுக்கு முதல்நாள் இரவில் பெரியம்மா ஒன்று சொல்ல, சித்தப்பா இன்னொன்று சொல்ல, அந்தச் சண்டையோடு விடிவதுதான் மிக மோசமான தொடக்கம்.

பிறகு ஒரு கொப்பித்தாளில் போனவர் பொங்கலுக்குச் செய்த வேலைகளை எழுதுங்கள். பெரிய வேலைகளை மட்டும் எழுதினால் போதாது. விறகு கொத்திக் காயவைத்தது, முற்றம் மெழுகச் சாணம் எடுத்து வந்தது, மாவிலையும் தோரணமும் கட்டியது, உலக்கையை வைத்து மாக்கோலத்தின் சதுரம் இழுத்தது, தேங்காய் உடைத்தது, பிள்ளைகளை எழுப்பி முழுகவைத்தது, அயலுக்குப் பொங்கல் கொண்டுபோனது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் போடுங்கள். முழுவதையும் மூத்த மகனின் தலையில் கட்டவேண்டாம். அப்படிக் கட்டினால் அவன் அந்த நாள் முழுக்க அப்பாவோடு ஒப்பிடப்பட்டுக்கொண்டே இருப்பான். நாலு பேருக்குப் பிரித்தால் அந்த ஒப்பீடு தானாகவே விழுந்துவிடும். யாரும் ஏற்காத வேலையை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள்.

அரிசி போடுவது யார் என்பதைத் தனியாகப் பேசவேண்டும். வழக்கமாக வீட்டுத்தலைவர்தான் இரு கைகளாலும் அரிசியை அள்ளி, பானையை மூன்று முறை சுற்றி இடுவார். கணவனை இழந்த பெண்ணை இதிலிருந்து விலக்கிவைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. இதில் எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்: அதை விட்டுவிடுங்கள். 2009-இல் போர் முடிந்த பிறகு வன்னியில் எத்தனையோ வீடுகளை வயலும் கூலியுமாகத் தூக்கி நிறுத்தியவர்கள் அந்தப் பெண்கள்தான். அந்த வீட்டு அடுப்பில் முதல் பிடி அரிசி போட அவரைவிட உரிமை உள்ளவர் வேறு யார்? முதல்நாள் மாலையே பிள்ளைகள் போய், "அம்மா, நாளைக்கு நீங்கள்தான் முதல் போடோணும், பிறகு நாங்கள் எல்லாரும் ஒவ்வொரு பிடி போடுறம்" என்று சொல்லிவிடவேண்டும். ஊர்ச்சனம் நிற்கும்போது முற்றத்தில் வைத்துக் கேட்டால் அவர் மறுத்துவிடுவார். சித்திரைப் புதுவருசத்தில் தலையில் மருத்துநீர் (மூலிகை நீர்) வைப்பதற்கும் கைவிசேடம் (பெரியவர் கையால் தரும் காசு) கொடுப்பதற்கும் இதே ஒழுங்குதான். இருப்பவர்களில் மூத்தவர் கொடுக்கட்டும். புது நோட்டுத்தாள்களை ஒரு கிழமை (வாரம்) முன்னரே வங்கியில் மாற்றி அவர் கையில் கொடுத்துவைத்தால் கடைசி நேரத் தடுமாற்றம் இருக்காது.

பானையை மாற்றுங்கள்

ஆள் குறைந்த வீட்டில் அரிசியைக் குறைப்பார்கள், பானையை மட்டும் பழையதையே வைப்பார்கள். பெரிய பானையில் அரைவாசிக்குப் பால் நின்றால் நுரை விளிம்பைத் தொடாமலே அடங்கிவிடும். "இந்தமுறை பொங்கேல்லை" என்று யாரோ சொல்வார்கள். அது சகுனமாகிவிடும். அந்தச் சொல் ஒரு தாயின் மனதில் மாதக்கணக்காகக் கிடக்கும். உண்மையில் நடந்தது அளவுப் பிசகு மட்டுமே.

நாலைந்து பேருக்கு இரண்டு சுண்டு (பால்பேணி அளவு) பச்சையரிசி, அரைச் சுண்டு வறுத்துக் கோது நீக்கிய பயறு போதும். இதற்குக் கழுத்துவரை பத்து அல்லது பன்னிரண்டு சுண்டு தண்ணீர் கொள்ளும் பானை வேண்டும். முதல்நாளே சுண்டால் தண்ணீர் அளந்து ஊற்றிப் பார்த்துவிடுங்கள். மண்பானை என்றால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவேண்டும். காய்ந்த புதுப்பானையை நேரே தீயில் வைத்தால் வெடித்துவிடும். அதையும் சகுனம் என்பார்கள்.

தேங்காய் பெரிதாக ஒன்று. முதற்பாலைத் தனியே எடுத்து மூடிவையுங்கள். இரண்டாம், மூன்றாம் பாலோடு அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரையும், கிடைத்தால் ஒரு சுண்டு பசுப்பாலையும் சேர்த்து, விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்கும்படி ஊற்றுங்கள். வெறும் தண்ணீர் கொதிக்கும், ஆனால் நுரைத்து எழாது. பாலும் அரிசியின் மாச்சத்தும்தான் நுரையைக் கட்டிப்பிடித்து மேலே தூக்கும். தீ மெல்ல எரிந்தாலும் நுரை உடைந்து உடைந்து அடங்கும், அதனால் பொங்கும் வரை பெருந்தீ வேண்டும். தை பிறக்கும்போது மாரிமழை முற்றாக விட்டிருக்காது. வெளியே கிடந்த விறகு புகையும். பாலைமர விறகை அல்லது வீரைமர விறகை இரண்டு கிழமைக்கு முன் பிளந்து கொட்டிலுக்குள் அடுக்குங்கள். பற்றவைக்கப் பன்னாடையும் காய்ந்த தென்னம்பாளையும் ஒரு சாக்கில் கட்டித் தூக்கிவையுங்கள்.

பொங்கி வழிந்ததும் ஒரு சுண்டளவு பாலை அகப்பையால் அள்ளி வைத்துவிட்டு அரிசியும் பயறும் போடுங்கள். அள்ளாமல் போட்டால் வழிந்து தீ அணைந்துவிடும். அள்ளியதைப் பின்னர் திரும்ப விடலாம். அரிசி விரலில் நசியும்வரை வெந்த பிறகே சர்க்கரை. அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறையப் போதும், பாதிக்குப் பனங்கட்டி போட்டாலும் நல்லது. முந்திப் போட்டால் அரிசி அதற்குமேல் வேகாது, கடுக்கென்று நிற்கும். முதற்பால் கடைசியில். விட்டபின் நீண்டநேரம் கொதிக்கவிட்டால் திரைந்து எண்ணெய் பிரியும். கஜு (முந்திரிப்பருப்பு), முந்திரிகை வத்தல் (உலர்திராட்சை), ஏலக்காய் போட்டு இறக்குங்கள்.

போனவருக்கு ஒரு நேரம்

போனவரை அன்று நினைக்கவே கூடாது என்று வீட்டாருக்குக் கட்டளை போடுவது பலிக்காது. அதுபோலவே, நாள் முழுக்க அவர் படத்தின் முன்னாலேயே இருப்பதும் பிள்ளைகளுக்குப் பாரம். அவருக்கென்று ஒரு நேரம் குறியுங்கள். முதல்நாள் மாலை பொருத்தமாக இருக்கும். படத்தைத் துடைத்து விளக்கேற்றி, அவருக்குப் பிடித்ததை, அது கத்தரிக்காய்க் குழம்பாக இருந்தாலும் ஒடியல் கூழாக இருந்தாலும், ஒரு தலைவாழை இலையில் படையுங்கள். அழுகை வந்தால் அப்போது அழட்டும். அந்த இலைச் சாப்பாட்டை எல்லோரும் பகிர்ந்து உண்டுவிட்டுப் படுங்கள். காலையில் முற்றம் சூரியனுக்கு உரியது.

ஒரே கிழமையில் மூன்று நாலு பேரை இழந்த வீடுகள் வன்னியில் உண்டு. திதி தெரியாதவர்களும் உண்டு. தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி, மற்றவர்களுக்குப் புரட்டாதி மாளய அமாவாசை என்று அவர்களுக்குரிய நாள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த நாள்களை ஒழுங்காகச் செய்கிற வீட்டில் பொங்கலின்மேல் விழும் பாரம் குறைகிறது. போரில் இறந்தவர்களை நினைக்கும் முள்ளிவாய்க்கால் நினைவுநாளான மே 18-இல் கஞ்சி காய்ச்சிக் குடிப்பதும் அப்படியே.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடு வேறு. அங்கே படையல் வேண்டாம். பிள்ளையைத் தேடி 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சித் தெருவோரத்தில் இருக்கும் தாய்மாருக்கு இலை படைப்பது என்றால், செத்துப்போனான் என்று ஒப்புக்கொள்வதாகும். உறவினர் யாரும் அதை வற்புறுத்தக் கூடாது. அந்தப் பிள்ளைக்குப் பிடித்ததைச் செய்து பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அவன் பெயரில் கோயிலில் அர்ச்சனை செய்யலாம். அரிசி போடும்போது "இது அண்ணாவுக்கு" என்று ஒரு பிடி கூடப் போடலாம். எது செய்வது என்பதைத் தாய்தான் சொல்லவேண்டும்.

கத்தோலிக்க வீடுகளில் நவம்பர் 2 ஆத்துமாக்கள் திருநாளில் சேமக்காலை (கல்லறைத் தோட்டம்) துப்புரவாக்கி மெழுகுதிரி ஏற்றுவதும், போனவரின் பெயரில் பூசை ஒப்புக்கொடுப்பதும் இதே வேலையைச் செய்கின்றன. நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) பாலன் குடில் கட்டும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விடுங்கள். கோணலாக வந்தாலும் திருத்தவேண்டாம்.

வெடி

சீனவெடிச் சத்தத்தில் உடல் உதறும் பெரியவர்கள் இங்கே பல வீடுகளில் இருக்கிறார்கள். வெடியே கூடாது என்றால் பிள்ளைகளுக்கு அது தண்டனை. நேரம் குறிப்பதே வழி: பொங்கும்போது ஒரு தடவை, அதுவும் "இப்ப கொளுத்தப்போறம்" என்று கத்திச் சொல்லிவிட்டு. மற்ற நேரத்துக்கு மத்தாப்பு. அயல்வீட்டுப் பிள்ளைகளிடமும் இதை முதல்நாளே சொல்லுங்கள். கேட்பார்கள்.

கைப்பக்குவம்

அம்மம்மாவின் பயற்றம்பணியாரம் அவரோடு போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். அவரோடு சேர்ந்து சுட்டவர்கள், அதாவது தங்கச்சிமார், மச்சாள்மார், பக்கத்துவீட்டு மாமி, யாராவது இருப்பார்கள். அவர்களிடம் அளவு கேட்டால் "கண்ணளவுதான்" என்பார்கள். அதனால் வீட்டுக்கே கூட்டிவந்து, அம்மம்மா பாவித்த அதே சுண்டைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் எடுக்க எடுக்க நீங்கள் எழுதுங்கள். முதற்தடவை ஒரு சுண்டு பயற்றமாவுக்கு மேல் வேண்டாம். எண்ணெயில் உருண்டை பிளந்தால் ஒன்றில் பாகு போதாமல் உருண்டை இளகியிருக்கிறது, அல்லது தோய்க்கும் மா தண்ணீராய் இருக்கிறது. சுட்டது கல்லாய் இறுகினால் பாகு முற்றிவிட்டது. இதைப் பொங்கலுக்கு ஒரு மாதம் முன்பே செய்து பார்க்கவேண்டும். முதற்தடவை சுவை சரியாக வராது, வரும்போது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

மத்தியானத்துக்குப் பிறகு

காலை ஓட்டத்தில் கழியும். வெறுமை இறங்குவது சாப்பிட்டுப் படுத்தெழும்பிய பின்னேரத்தில். ஆம்பிளைகள் குடிக்கத் தொடங்குவதும் அப்போதுதான். அந்த நேரத்துக்கு வேலை வைத்திருங்கள். அயலுக்குப் பொங்கல் கொண்டுபோவதைக் காலையில் முடிக்காமல் பாதியைப் பின்னேரத்துக்கு ஒதுக்கலாம். இந்த ஆண்டு துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு முதலில் போங்கள், சென்ற ஆண்டு உங்களுக்கு யாரோ கொண்டுவந்தார்கள் அல்லவா.

வெளிநாட்டு உறவுகள் பொங்கும் நேரத்தில் வீடியோவில் வந்தால் போனைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கவேண்டும், அங்கே ஒருவர் அழ இங்கே எல்லோரும் அழுவார்கள். பின்னேரம் 5 மணிக்கு எடுக்கச் சொல்லுங்கள். லண்டனில் அப்போது காலை 11.30, ரொறன்ரோவில் காலை 6.30. இரண்டு பக்கமும் ஆறுதலாகப் பேசலாம்.

பொங்கல் முடிந்து கிழமைகள் ஆகியும் ஒருவருக்கு நித்திரையும் சாப்பாடும் திரும்பவில்லை, சாகவேண்டும் என்ற பேச்சு வருகிறது என்றால், அது கோயிலும் உறவும் மட்டும் தீர்க்கும் காரியமில்லை. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கு மறுநாள் பட்டிப்பொங்கல் இருக்கிறது. முதல்நாளின் இறுக்கம் அதில் இல்லை, சாணமும் தண்ணீரும் சத்தமுமாகப் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கும் நாள் பெரும்பாலும் அதுதான். மாட்டைப் பார்த்தவர் போய்விட்டார் என்றால், குளிப்பாட்டப்போகிறவர் ஒரு மாதம் முன்பிருந்தே தன் கையால் வைக்கோலும் தண்ணீரும் வைக்கவேண்டும். பழகாத கையைக் கண்டால் மாடு கயிற்றை அறுக்கும், கொம்பு பூசக் கிட்டவே போக முடியாது. நெட்டி மாலையோ பூமாலையோ, கட்டும் நூல் இலேசில் அறுவதாக இருக்கட்டும், வேலியில் மாட்டிக் கழுத்து இறுகக் கூடாது. பொங்கலை ஒரு மாட்டுக்கு ஒரு பிடி என்று கொடுங்கள். பிள்ளைகள் ஆசையில் ஆளுக்கொரு இலை நிறைய வைப்பார்கள், சோறும் சர்க்கரையும் கூடினால் மாட்டுக்கு வயிறு ஊதிவிடும்.