அலுமினியப் பரப்பின் தேய்மானத்தைக் குறைக்கும் உராய்வுக் கலக்கல் முறை

அலுமினியக் கலப்புலோகங்கள் எடை குறைந்தவை, துருவுக்கு எளிதில் இடம் கொடாதவை. ஆனால் எஃகோடு தொடர்ந்து உரச நேர்ந்தால் அவற்றின் பரப்பு விரைவில் தேய்ந்துவிடும். அந்தப் பரப்பில் மட்டும் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கடினத் துகள்களைக் கலந்து வலுவூட்டுவதற்கு உராய்வுக் கலக்கல் முறை பயன்படுகிறது. 1991-இல் உருவான உராய்வுக் கலக்கல் பற்றவைப்பிலிருந்து கிளைத்த இம்முறையில், சுழலும் கருவி உலோகத்தை உருக்காமலே இளக்கிக் கலக்குகிறது.

6 மி.மீ. தடிமனுள்ள தகட்டை எடுத்துக்கொள்வோம். அதன் எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோனால் துடைத்து, நடுவில் 1 மி.மீ. அகலமும் 3 மி.மீ. ஆழமும் உள்ள காடி (நீளவாட்டுப் பள்ளம்) வெட்டி, மிகக் கடினமான சிலிக்கான் கார்பைடு தூளை இறுக அடைக்க வேண்டும். இங்கே கணக்கு முக்கியம். கருவியின் நுனியில் நீட்டி நின்று உலோகத்துக்குள் இறங்கும் முளையின் விட்டம் 6 மி.மீ., நீளம் 5 மி.மீ. என்றால், அது கலக்கும் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 30 சதுர மி.மீ.; காடியின் பரப்போ 3 சதுர மி.மீ. ஆகவே துகள்களின் பங்கு 10 விழுக்காடு என்று தோன்றும். ஆனால் அடைத்த தூளுக்குள் காற்றிடைவெளி இருப்பதால் உண்மையான பங்கு அதைவிடக் கணிசமாகக் குறையும். நுண்தூளைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம்.

தகட்டை எஃகுத் தளத்தின்மீது அசையாமல் இறுக்கியபின், முளையில்லாத கருவியை ஒருமுறை ஓட்டிக் காடியின் வாயை மூட வேண்டும். இதைத் தவிர்த்தால் தூள் வெளியே சிதறிவிடும். அதன்பிறகே முளையுள்ள கருவியை, 2 முதல் 3 பாகை சாய்வில், நிமிடத்துக்கு 1,000 சுற்று, 40 மி.மீ. நகர்வு போன்ற அளவுகளில் தொடங்கலாம். இவை தொடக்கப் புள்ளிகளே. கலப்புலோகத்துக்கும் கருவிக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். வெப்பம் போதாவிட்டால் உள்ளே சுரங்கம் போன்ற வெற்றிடம் உருவாகும்; கருவி அளவுக்கு மீறி அழுந்தினால் விளிம்பில் உலோகம் பிசிறாகப் பிதுங்கும்.

ஒரே ஓட்டத்தில் துகள்கள் பெரும்பாலும் ஒரு பக்கமாகத் திரண்டு நிற்கும். கலவையின் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது என்பதால், தூளின் அளவைக் கூட்டுவதைவிட ஓட்டங்களைக் கூட்டுவதே என் பரிந்துரை: சுழற்சித் திசையை மாற்றாமல், ஒவ்வொரு முறையும் நகர்வுத் திசையை எதிராக்கி, மூன்று நான்கு ஓட்டங்கள் செய்தால் துகள்திரள்கள் உடைந்து பரவும். திரண்டு நிற்கும் துகள்கள் உரசலில் பெயர்ந்து வந்து, பரப்பையே கீறத் தொடங்கும்.

6061-டி6 போன்ற, வெப்பப் பதத்தால் வலுப்பெறும் அலுமினிய வகைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கலக்கும் வெப்பத்தில் உலோகத்துக்கு உள்ளிருந்து வலுவூட்டும் வீழ்படிவுகள் (நுண்ணிய படிவத் துகள்கள்) கரைந்தோ பருத்தோ போவதால், துகள் சேர்த்த பிறகும் கடினம் மூலத்தகட்டைவிடக் குறையக்கூடும். அப்போது மறுபடியும் வெப்பப் பதமிடுதல் தேவைப்படும். வெப்பப் பதத்தை நம்பியிராத 5083 போன்ற வகைகளில் இந்தக் கவலை இல்லை.

இறுதியாக, குறுக்குவெட்டை மெருகேற்றி நுண்ணோக்கியில் துகள்பரவலைப் பார்த்து, வைரமுனையை அழுத்திப் பார்க்கும் விக்கர்ஸ் முறையில் கடினத்தைப் பல புள்ளிகளில் அளந்து, சுழல்வட்டில் ஊசியை உரசும் சோதனையில் எடையிழப்பைக் கணக்கிட வேண்டும். பதப்படுத்தாத தகட்டையும், தூளின்றிக் கலக்கிய தகட்டையும் அதே சுமையில், அதே தூரத்துக்குச் சோதித்தால்தான், தேய்மானம் குறைந்ததில் துகள்களின் பங்கு எவ்வளவு, கலக்கலால் உலோகத்தின் படிகமணிகள் நுண்ணியவையானதன் பங்கு எவ்வளவு என்பது பிரிந்து தெரியும்.