சொராரிட்டி தோழிகள் நன்றாகப் படிக்க ஒரு பொதுக் காலண்டர்

அமெரிக்கக் கல்லூரிகளில் சொராரிட்டி எனப்படும் மாணவியர் சங்கங்களில் நீடிக்கப் பெரும்பாலும் குறைந்தபட்ச ஜிபிஏ (பொதுவாக 4.0-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) வேண்டும். அதற்குக் கீழே போனால் எச்சரிக்கை, கட்டாயப் படிப்பு நேரம் என்று வரும். ஆனால் அதெல்லாம் மதிப்பெண் இறங்கிய பிறகு நடப்பவை. சங்கத்தில் படிப்புப் பொறுப்பைக் கவனிப்பவர் செமஸ்டரின் முதல் வாரத்திலேயே ஒரு வேலையைச் செய்துவிடலாம்.

அங்கே பெரும்பாலான பாடங்களுக்குத் தொடக்கத்திலேயே சிலபஸ் கொடுத்துவிடுவார்கள். தேர்வு நாள், கட்டுரைக்கான கெடு எல்லாம் அதில் இருக்கும். உறுப்பினர்கள் எல்லோரிடமும் அதை வாங்கி ஒரே கூகுள் காலண்டரில் ஏற்றுங்கள். செமஸ்டர் நடுவில் வரும் மிட்டெர்ம் தேர்வுகள் எந்த வாரத்தில் குவிகின்றன என்று உடனே தெரிந்துவிடும். அந்த வாரத்தில் விருந்து, நிதி திரட்டும் நிகழ்ச்சி எதுவும் வைக்காதீர்கள். நான் முதலில் சொல்வது இதைத்தான். தோழிகளின் நேரத்தைச் சங்கமே தின்றுவிட்டு, அப்புறம் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்பது நியாயமில்லை.

ஒரே பாடம் எடுத்தவர்கள் யார் என்பதும் அந்தக் காலண்டரிலேயே தெரியும். அவர்களைச் சேர்ந்து படிக்க வையுங்கள். பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் ஆபீஸ் ஹவர்ஸுக்குத் தனியாகப் போகத் தயங்கும் முதலாண்டு மாணவியோடு, அவளுக்கு 'பிக்' ஆக, அதாவது சங்கத்தில் வழிகாட்டும் அக்காவாக, இருக்கும் சீனியர் ஒரு தடவை கூடப் போனால் போதும், தயக்கம் பெரும்பாலும் விட்டுவிடும்.

மதிப்பெண் பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டாம். 4.0 வாங்கியவரைப் பாராட்டுவது சரி. 2.4-இலிருந்து 2.9-க்கு ஏறியவரையும், அவர் சம்மதித்தால், அதே கூட்டத்தில் பாராட்டுங்கள்.