தோலில் இருந்து லாங்கர்ஹான்ஸ் செல்: தட்டில் இரண்டு நாள்

லாங்கர்ஹான்ஸ் செல் நம் மேல்தோலில் காவல் இருக்கும் நோயெதிர்ப்பு செல். 1868-ல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் தங்கக் குளோரைடு சாயத்தில் இதைக் கண்டார். கிளைகிளையாக இருந்ததால் நரம்புச் செல் என்றே நினைத்தார். ஆய்வகத்தில் வளர்த்தால் இந்தச் செல் அடையாளமே மாறிப்போகும். முதன்முறை செய்கிறவர்கள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் தோல். அறுவை சிகிச்சையில் மிஞ்சுவது போதும். ஆனால் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இல்லாமல் தொடக்கூடாது. அடிக்கொழுப்பைச் சுரண்டிவிட்டுச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள்.

அடுத்து, டிஸ்பேஸ் நொதிக் கரைசலில் 4 டிகிரியில் ஓர் இரவு. காலையில் இரண்டு இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால், ஊறிய பாதாமின் தோல் போல மேல்தோல் கழன்று வரும்.

உரித்ததை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை டிரிப்சின் என்ற நொதியால் தனிச் செல்களாக்கி, அன்றைக்கே சாயமிட்டு அளந்துவிடுங்கள். இது 0 மணிக் கணக்கு. அவசரத்தில் பலரும் விடுவது இதைத்தான்; அப்புறம் ஒப்பிட எதுவுமே இருக்காது. டிரிப்சின் சில மேற்பரப்புப் புரதங்களை வெட்டிவிடும், அதையும் மனதில் வையுங்கள்.

மறுபாதியை 10% சீரம் சேர்த்த வளர்ப்பு ஊடகத்தில் மிதக்கவிட்டு, 37 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் 2 நாள் வையுங்கள். செல்கள் தாமாகவே ஊர்ந்து வெளியே வரும். பக்கத்துக் கெரட்டினோசைட்டுகள், அதாவது மேல்தோலின் பெரும்பகுதியான செல்கள், சுரக்கும் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற புரதம் அவற்றை உயிரோடு வைத்திருக்கும்.

சரி, இப்போது நுண்ணோக்கி. ஒரு செல்லை மட்டும் சில நிமிடம் பாருங்கள். விளிம்பில் மெல்லிய திரை போன்ற சவ்வுகள் நீளும், மடங்கும், மறுபடி நீளும். சாயமிட்டு அளந்தால், டி செல்லைத் தூண்ட உதவும் எச்எல்ஏ-டிஆர், சிடி86 என்ற இரண்டு புரதங்களும் மேற்பரப்பில் கூடியிருக்கும். முதிர்ச்சியின் அடையாளமான சிடி83 புரதம் புதிதாகத் தெரியும். லாங்கர்ஹான்ஸ் செல்லுக்கே உரிய, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரியும் டென்னிஸ் மட்டை வடிவ பிர்பெக் துகள்கள் குறைந்துபோகும்.

வேலையும் மாறுகிறது. புதிதாக எடுத்த செல் அந்நியப் புரதத்தை விழுங்கி நறுக்குவதில் கெட்டி, டி செல் என்ற இன்னொரு நோயெதிர்ப்பு செல்லைத் தூண்டுவதில் மந்தம். வளர்த்த பிறகு நேர் எதிர். வளர்த்தால் தூண்டும் திறன் கூடுவதை ஷூலர், ஸ்டைன்மன் என்ற ஆய்வாளர்கள் எலிச் செல்களில் 1985-ல் காட்டினார்கள். தோலைப் பிய்த்ததே இந்தச் செல்லுக்கு ஆபத்து அறிவிப்பு. உடலில் டி செல்கள் கூடியிருக்கும் நிணநீர்க் கணுவுக்குப் புறப்பட்டதைப் போலவே தட்டிலும் நடந்துகொள்கிறது.

3 நாளுக்கு மேல் விடாதீர்கள். இறந்த செல்கள் கூடிக்கொண்டே போகும். அளக்கும்போது இறந்தவற்றைக் காட்டும் சாயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.