மெஷின்ஸ் லேபில் முதல் நாள்: டிரான்ஸ்பார்மர் ஓசி, எஸ்சி டெஸ்ட் செய்வது எப்படி?

கடலூரிலோ புதுச்சேரியிலோ எந்தக் கல்லூரியில் இ.இ.இ. சேர்ந்தாலும், மெஷின்ஸ் லேபில் ஒரு நாள் சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்றின் முன்னால் போய் நிற்பீர்கள். ஓசி டெஸ்ட் (ஓபன் சர்க்யூட், ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து), எஸ்சி டெஸ்ட் (ஷார்ட் சர்க்யூட், ஒரு பக்கத்தின் முனைகளை ஒன்றோடொன்று இணைத்து) என்பார்கள். வயரை மாட்டி, ரீடிங் எடுத்து, ரெக்கார்டு எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இந்தச் சோதனையில் பாதி வேலை சுவிட்ச் போடுவதற்கு முன்பே, நேம் பிளேட்டைப் பார்த்துக் கணக்குப் போடும்போதே நடக்கிறது. அந்தப் பாதியைத்தான் இங்கே நிதானமாகச் சொல்லப் போகிறேன்.

முதலில், எதற்காக இந்தச் சோதனை? உங்கள் தெருமுனையில் நிற்கும் 11 கிலோவோல்ட் டிரான்ஸ்பார்மர் 100 கேவிஏ (ஒரு கேவிஏ என்றால் ஆயிரம் வோல்ட்-ஆம்பியர்) என்று வையுங்கள். அதற்கு முழு லோடு கொடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 100 கிலோவாட்டை எங்காவது எரித்தாக வேண்டும். ஓசி, எஸ்சி இரண்டையும் தனித்தனியாகச் செய்தால், இழப்புக்கு ஆகும் மின்சாரம் மட்டும் போதும். லோடே இல்லாமல் லோடில் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடலாம்.

நேம் பிளேட்டைப் படியுங்கள்

நம் உதாரணத்துக்கு 1 கேவிஏ, 230/115 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நோட்டில் உடனே இரண்டு வகுத்தல்: 1000 ÷ 230 = 4.35 ஆம்பியர், இது ஹெச்வி (அதிக வோல்டேஜ்) பக்கம். 1000 ÷ 115 = 8.7 ஆம்பியர், இது எல்வி (குறைந்த வோல்டேஜ்) பக்கம். இனி எந்த மீட்டர், எந்த ஃப்யூஸ் என்பதையெல்லாம் இந்த இரண்டு எண்களே முடிவு செய்யும்.

மீட்டர் கேட்டு வாங்குங்கள்

ஓசி டெஸ்ட்டை எல்வி பக்கம் செய்கிறோம். 115 வோல்ட் கையாளச் சுலபம். லோடு இல்லாததால் ஒரு ஆம்பியருக்குள்தான் கரண்ட் வரும். ஆகவே 0–150 வோல்ட் எம்ஐ (மூவிங் அயர்ன்) வோல்ட்மீட்டர், 0–2 ஆம்பியர் எம்ஐ அம்மீட்டர், 2 ஆம்பியர் ஃப்யூஸ்.

வாட்மீட்டரில்தான் தடுமாறுவார்கள். எல்பிஎஃப் (லோ பவர் ஃபேக்டர்) வாட்மீட்டர் கேளுங்கள். பவர் ஃபேக்டர் என்பது வோல்ட் × ஆம்பியரில் எவ்வளவு பங்கு வாட்டாகிறது என்பது. காரணம் இது: 150 வோல்ட், 2.5 ஆம்பியர் யுபிஎஃப் (யூனிட்டி, அதாவது பவர் ஃபேக்டர் 1) மீட்டரின் முழு அளவு 375 வாட். நமக்கு வரப்போவது 30 வாட் சுமார். முள் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், படிக்க முடியாது. 0.2 பவர் ஃபேக்டர் கொண்ட எல்பிஎஃப் மீட்டரில் முழு அளவு 150 × 2.5 × 0.2 = 75 வாட். முள் ஸ்கேலின் நடுப்பக்கம் வரும். ஸ்கேலில் 150 பிரிவு இருந்தால், பிரிவை வாட்டாக மாற்றும் பெருக்கல் எண் 75 ÷ 150 = 0.5. இதை முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தலையைச் சொறிந்தவர்கள் ஏராளம்.

எஸ்சி டெஸ்ட் ஹெச்வி பக்கம்: 0–30 வோல்ட், 0–5 ஆம்பியர், 75 வோல்ட் 5 ஆம்பியர் யுபிஎஃப் வாட்மீட்டர், 5 ஆம்பியர் ஃப்யூஸ். லேப் அண்ணனிடம் சீட்டைக் கொடுக்கும்போது இந்தக் காரணங்களும் உங்கள் மனதில் இருக்கட்டும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே இதுதான்.

ஓசி டெஸ்ட்

சீரியஸ் வழியை முதலில் முடியுங்கள்: ஃப்யூஸ், டிபிஎஸ்டி சுவிட்ச் (இரண்டு வயரையும் ஒன்றாகத் துண்டிப்பது), வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி), அங்கிருந்து அம்மீட்டர், வாட்மீட்டரின் எம், எல் (கரண்ட் காயில்) முனைகள், பிறகு எல்வி முனை, திரும்பி நியூட்ரல். அப்புறம்தான் வோல்ட்மீட்டர். வாட்மீட்டரின் வோல்டேஜ் காயிலின் சி முனையை எம்முடன் சேர்த்து, வி முனையை நியூட்ரலுக்குக் கொடுங்கள். இந்த வரிசையில் மாட்டினால் அம்மீட்டரைத் தவறிப்போய்ப் பேரலலில் போட வாய்ப்பே இல்லை.

ஹெச்வி முனைகள் திறந்தே இருக்கும். திறந்திருக்கிறது என்றால் மின்சாரம் இல்லை என்று பொருளல்ல. அங்கே 230 வோல்ட் நிற்கிறது. அந்த முனைகளில் வயரைத் தொங்கவிடாதீர்கள்.

வேரியாக் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று கையால் திருகிப் பார்த்துவிட்டு சுவிட்ச் போடுங்கள். மெதுவாக 115 வோல்ட் வரை ஏற்றுங்கள். வாட்மீட்டர் முள் பின்னால் போனால் ஆஃப் செய்துவிட்டு, கரண்ட் காயிலின் முனைகளை மாற்றுங்கள். உதாரணமாக 115 வோல்ட், 0.8 ஆம்பியர், 60 பிரிவு வந்தால் 60 × 0.5 = 30 வாட். இது முழுக்க இரும்பு இழப்பு (இரும்பு உள்ளகத்தில் வீணாவது) என்றே கொள்ளலாம்; 0.8 ஆம்பியரில் தாமிர இழப்பு (காயில் கம்பியின் சூட்டில் வீணாவது) கால் வாட்டைக்கூடத் தொடாது.

எஸ்சி டெஸ்ட்

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நான் மாணவனாக இருந்தபோது, முந்தைய பேட்ச் வேரியாக்கை முழு அளவில் விட்டுப் போயிருந்தது. நான் பார்க்காமல் சுவிட்ச் போட்டேன். ஃப்யூஸ் வெடித்தது, அம்மீட்டர் முள் தடுப்பில் மோதி வளைந்தே போனது. பின்னால் கணக்குப் போட்டேன்: ஷார்ட் செய்த டிரான்ஸ்பார்மரின் இம்பிடன்ஸ் (கரண்டுக்கு மொத்தத் தடை) 2.76 ஓம். 230 ÷ 2.76 என்றால் 83 ஆம்பியர். இன்றும் மாணவர் எவர் சுவிட்சில் கை வைத்தாலும் என் கண் வேரியாக்கைத்தான் பார்க்கும்.

எல்வி முனைகளைத் தடித்த, குட்டையான வயரால் ஷார்ட் செய்யுங்கள். நம் ஊரில் இதற்கு இன்னொரு வேலையும் சேர்க்க வேண்டும். கடற்காற்றில் செம்பு லக்குகள் (வயரை மாட்டும் முனைகள்) பச்சை பூத்துவிடும். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டுத்தான் முறுக்க வேண்டும். அந்த இணைப்பில் 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தால்கூட, சுற்று விகிதம் 2 என்பதால், ஹெச்வி பக்கத்திலிருந்து பார்க்க அது நான்கு மடங்காகி 0.4 ஓம் ஆகிறது. நீங்கள் அளக்கப் போவதே 2 ஓம் சொச்சம்தான்! 8.7 ஆம்பியரில் அந்த 0.1 ஓம் ஏழரை வாட் பிழை. ரீடிங் ஒத்துவரவில்லை என்று டிரான்ஸ்பார்மரைக் குறை சொல்பவர்கள் முதலில் லக்கைப் பாருங்கள்.

வேரியாக்கை நூல் அளவு திருகினாலே 4.35 ஆம்பியர் வந்துவிடும். 12 வோல்ட், 16 பிரிவு. பெருக்கல் எண் 75 × 5 ÷ 150 = 2.5, ஆக 40 வாட். வேகமாக எடுத்துவிடுங்கள், காயில் சூடாகிவிட்டால் ரெசிஸ்டன்ஸ் ஏறும். 230-க்கு 12 வோல்ட்தான் கொடுத்திருப்பதால் இரும்பு இழப்பு இங்கே கணக்கில் வராது. 40 வாட்டும் தாமிர இழப்பு. வேரியாக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ஆஃப்.

கணக்கு

ரெசிஸ்டன்ஸ் 40 ÷ 4.35² = 2.11 ஓம். இம்பிடன்ஸ் 12 ÷ 4.35 = 2.76 ஓம். இரண்டின் வர்க்கங்களின் வித்தியாசத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் ரியாக்டன்ஸ் (காயிலின் காந்தத் தன்மையால் வரும் தடை) 1.77 ஓம்.

யூனிட்டி பவர் ஃபேக்டரில் முழு லோடுக்கு எஃபிஷியன்ஸி: 1000 ÷ (1000 + 30 + 40) = 93.5 சதவீதம். பாதி லோடில் தாமிர இழப்பு பாதியாகாது, கால்பங்காகும்; 10 வாட். அப்போது 500 ÷ 540 = 92.6 சதவீதம். தாமிர இழப்பும் இரும்பு இழப்பும் சமமாகும் இடத்தில்தான் எஃபிஷியன்ஸி உச்சம். 30 ÷ 40-இன் வர்க்கமூலம் 0.866, அதாவது 866 விஏ லோடில்.

இதே கணக்கைக் கால், பாதி, முக்கால், முழு லோடு, ஒன்றேகால் லோடு என்று ஐந்து புள்ளிகளுக்குப் போட்டு கிராஃப் தாளில் வரையுங்கள். வளைவின் உச்சி 866-க்குப் பக்கத்தில் விழவில்லை என்றால், பெருக்கல் எண்ணில் தவறு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மீட்டர்களைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள்.