மழையில் மூட்டை சுமந்து மலை ஏறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் இருந்து விடியற்காலையில் கிளம்பி உலு லங்காட் பக்கம் குனோங் நுவாங் மலை ஏறுபவர்களும் சரி, நாலைந்து நாள் சாமானைக் கட்டிக்கொண்டு கொர்பு, யோங் பெலார் என்று தித்திவங்சா மலைத்தொடரின் முகடுகளில் நடப்பவர்களும் சரி, மழை என்றதும் எப்படி நனையாமல் போவது என்றுதான் யோசிக்கிறார்கள். நம் காட்டு மழையில் ஏழெட்டு மணி நேரம் நடந்தால் நனையத்தான் செய்வோம். என்ன விலை கொடுத்து வாங்கிய ரெயின்கோட்டும் ஏற்றத்தில் உள்ளே வியர்த்து ஊறிவிடும். நனைந்த உடம்பை ராத்திரி எதில் துடைத்து எதற்குள் படுக்க வைக்கப் போகிறோம், அதைத்தான் வீட்டிலேயே யோசித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

பெரும்பாலானவர்கள் பைக்கு மேலே ஒரு ரெயின் கவர் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்தக் கவர் முதுகுப் பக்கத்தை மூடாது. கழுத்து வழியாக இறங்கும் தண்ணீர் முதுகுக்கும் பைக்கும் நடுவே ஓடி உள்ளே புகும், மிச்சம் கவரின் அடியில் தேங்கி நிற்கும், போதாததற்கு ரோத்தான் (பிரம்புக் கொடி) முள் ஒரு இழுப்பு இழுத்தால் கிழிந்தே போகும். பையின் உள்ளே தடிமனான கறுப்புக் குப்பைப் பை ஒன்றை விரித்து, ஸ்லீப்பிங் பேக், ஒரு செட் துணி, ஒரு ஜோடி காலுறை இவற்றை அதில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கிக் கட்டிவிடுங்கள். இரண்டு ரிங்கிட்கூட ஆகாது.

அந்தக் காய்ந்த துணியைப் படுக்கும்போது தவிர வேறு எதற்கும் தொடாதீர்கள். சொல்வது சுலபம். காலையில் கொடியில் தொங்கும் நேற்றைய சட்டை ஜில்லென்று, சேற்று வாடையோடு, கை நுழைக்கவே முடியாதபடி ஒட்டிக்கொண்டு இருக்கும். வெளியே மழையும் விட்டிருக்காது. அந்த நேரத்தில் மனசு கேட்காமல் காய்ந்ததைப் போட்டுக்கொண்டு கிளம்பினால், அரை மணி நேரத்தில் அதுவும் நனைந்து, அடுத்த ராத்திரிக்கு ஒன்றும் மிஞ்சாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஈரத்தையே போடுங்கள், நடக்க ஆரம்பித்தால் உடம்பு சூடாகிவிடும்.

நம் ஊரில் குளிராவது என்ற நினைப்பும் ஆபத்தானது. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் அரை டிகிரிக்கு மேல் குறையும், கொர்பு உச்சி 2,183 மீட்டர், அதோடு ஈரமும் காற்றும் இரவும் சேர்ந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். கூட வருபவர் நடுங்குகிறார், அடிக்கடி தடுக்குகிறார், பேச்சு குழறுகிறது, "நீங்க போங்கண்ணே, நான் கொஞ்சம் உட்கார்ந்துட்டு வர்றேன்" என்கிறார் என்றால் அதைச் சோம்பல் என்று எண்ணி விட்டுவிட்டுப் போகவே கூடாது. அங்கேயே ஃப்ளை (மழைக்குக் கூரையாகக் கட்டும் விரிப்பு) கட்டி, ஈரத்தைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்டுவிட்டு, சுடச்சுட மைலோ கொடுங்கள். கூடாரத்தை மூடிக்கொண்டு உள்ளே மட்டும் அடுப்பு பற்ற வைக்காதீர்கள், அதிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு ஆளைக் கொல்லும். மழையில் நிற்கச் சோம்பிச் சாப்பிடாமலே நடப்பதும் சீக்கிரம் குளிரெடுக்க ஒரு காரணம், கால்சட்டைப் பையில் வேர்க்கடலையோ பேரீச்சையோ இருந்தால் நடந்துகொண்டே மெல்லலாம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம் ஆறுதான். கெப்பாலா ஆயர், அதாவது மேலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் ஆற்று வெள்ளம் வந்து ஆட்களை அடித்துக்கொண்டு போன செய்தியை நம் நாட்டில் எத்தனை முறை படித்திருப்போம்! நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில்கூட அடிக்கலாம், மேலே பெய்த மழை போதும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இதில் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள். "டேய் மச்சான், முட்டி அளவுதானே, கடந்துடலாம்" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்களும் கூடவே இறங்குவார்கள். இறங்காதீர்கள். மலை ஓடைகள் ஏறின மாதிரியே பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்தும் விடும், காத்திருந்தால் நஷ்டம் ஒரு ராத்திரிதான். வடிந்த பிறகு கடக்கும்போதும் பையின் இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் கழற்றி விடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு எழ வேண்டும். கயிற்றை உடம்பில் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குவது இன்னும் மோசம், கயிறு இழுபட்டால் தண்ணீருக்கு அடியிலேயே பிடித்து வைத்துவிடும். தண்ணீர் பிடிக்கச் சுலபம் என்று ஆற்றோர மணலில் கூடாரம் போடுவதும் இதே தவறுதான்.

காலுக்கு, ஊரே அடிடாஸ் கம்போங் என்று கூப்பிடும் ரப்பர் காலணி போதும். தண்ணீரை உறிஞ்சாது, சேற்றில் நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. அட்டைப்பூச்சி இருக்கத்தான் செய்யும், நுவாங் வழியில் இருக்கும் கெம் பாச்சாட் (அட்டை முகாம்) என்ற பேரே அதைச் சொல்லிவிடும், ஆனால் ரொம்பப் பயப்பட வேண்டாம்.

மழை நாளில் மரங்களுக்குக் கீழே ஆறரைக்கே இருட்டிவிடும், அதனால் ஐந்து மணிக்குள் கேம்ப் போடுகிற மாதிரி நடையை வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பி ஓரிரு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் பனடோல் போட்டுச் சமாளிக்காதீர்கள். காட்டு ஆற்றிலும் சேற்றிலும் இருந்தீர்கள் என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா என்று பார்க்க அவருக்கு அந்த விவரம் தேவை.