வயதான கிளிக்குக் கால் தளரும்போது நாம் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டுக் காக்டெயிலுக்கு 18 வயது. ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட கொண்டைக் கிளி. இரண்டு வருடம் முன்பு ஒரு காலையில், அது அலகால் கம்பியைக் கவ்வி உடம்பை மேலே இழுத்துக்கொள்வதைப் பார்த்தேன். கால் செய்ய வேண்டிய வேலையை அலகு செய்துகொண்டிருந்தது. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று மூன்று வாரம் விட்டுவிட்டோம். இன்றும் மனதை உறுத்துவது அந்த மூன்று வாரம்தான்.

நாங்கள் செய்த முதல் தவறே பெரிய தவறு. பறவை வலியை மறைக்கும். நமக்குத் தெரியும் அளவுக்கு வருகிறது என்றால் பல நாள் பொறுத்திருக்கிறது என்று அர்த்தம். மூட்டுவாதம் மெதுவாக வரும். ஒரே நாளில் கால் இழுத்தால் அதை வயதின் கணக்கில் எழுதாதீர்கள். பெட்டையாக இருந்தால் முட்டை அடைத்திருக்கலாம். ஈயம், துத்தநாகம் வயிற்றில் போயிருக்கலாம். உள்ளே கட்டி நரம்பை அழுத்தலாம். அன்றைக்கே பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்தது, கூண்டோடு வரும் வழவழப்பான உருட்டுக் கட்டை. ஒரே பருமன் என்பதால் பாதத்தில் எப்போதும் ஒரே இடம் அழுந்துகிறது. கிளியைத் துணியில் பிடித்து உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். சொரசொரப்பு போய், தோல் சிவந்து பளபளத்தால் புண் தொடங்கிவிட்டது. மருந்து அடிக்காத கொய்யாக் கிளை, வேப்பங்கிளைகளைக் கழுவிக் காயவைத்து, பல பருமனில் கட்டுங்கள். கால் மடக்காமல் நிற்க ஒரு தட்டைப் பலகையும் வேண்டும். நகம் தேயும் என்று உப்புத்தாள் சுற்றுவார்கள், தேய்வது பாதம்தான்.

விழுகிறதே என்று கூண்டையே தரையில் இறக்கி வைப்பதும் தவறு. தாழ்வான இடத்தில் கிளி பயந்துபோகும். கூண்டு பழைய உயரத்திலேயே இருக்கட்டும். உள்ளே இருக்கும் கிளைகளை மட்டும் தாழ்த்தி, தீனிக் கிண்ணத்தையும் தண்ணீரையும் பக்கத்தில் வையுங்கள். அடியில் மெத்தென்று ஏதாவது விரிக்கலாம், ஆனால் பூத்துவாலை வேண்டாம். அதன் நூல் வளையத்தில் எங்கள் கிளியின் நகம் மாட்டி, அது தலைகீழாகச் சிறகடித்துத் துடித்தது.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது. காக்டெயிலின் எடை 100 கிராமுக்கு முன்னே பின்னேதான். ஒரு துளி கூடினாலும் ஆபத்து. மருத்துவர் எடை பார்த்துத்தான் அளவு சொல்வார். சமையலறைக் கிராம் தராசில் தினமும் காலையில், தீனிக்கு முன், எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே காத்திருக்கக் கூடாது.

சூரியகாந்தி விதையை மட்டும் தின்னும் கிளி கொழுத்துப்போகும். அந்தப் பாரமும் நோகும் காலில்தான் இறங்கும். கீரை, கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளி என்று மெல்ல மெல்லப் பழக்குங்கள். திடீரென்று விதையை நிறுத்தினால் பட்டினி கிடக்கும்.

அப்புறம் இரவு. கூண்டை மூடி, அறையையும் கும்மிருட்டாக்கிவிடுகிறோம். காக்டெயில் இருட்டில் மிரண்டு சிறகடிக்கும் பறவை. பிடிப்பு போன காலோடு விழுந்தால் மறுபடி ஏறக் கிளை எங்கே என்று அதற்குத் தெரியாது. இப்போது எங்கள் வீட்டில் கூண்டுக்கு எதிரே சின்ன விடிவிளக்கு ஒன்று விடியும்வரை எரிகிறது.